கண்ணேறுச் சொல்

புயல் வருகிறது என்று செய்தி வந்ததும் ஆறுகாட்டுத்துறை மக்கள் செய்த முதல் வேலை, கடற்கரையில் இடம் பிடித்ததுதான்.

விடியுமுன்பே பாய்கள் விரிந்துவிட்டன. முன்வரிசைக்கு அடிதடி. வேதாரண்யத்திலிருந்தும் தோப்புத்துறையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் உப்பளத்து வரப்பில் வண்டிகளை விட்டுவிட்டு, தூக்குவாளியும் கைக்குழந்தையுமாய் மணலில் இறங்கினார்கள். பலூன் விற்றது. ராட்டினம் சுற்றியது. நடுவில் பெரிய பந்தல். அதற்குள் அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒருவரும் பாயை விட்டு எழவில்லை. "இந்த வருசம் நல்ல பெரிய புயலாம்ல, பாக்க நல்லாருக்கும்" என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கீழைக்கரைக் கூட்டரசின் கடற்படை எழுபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு புயலையும் கரையேற விட்டதில்லை.

அதே எழுபத்திரண்டு ஆண்டுகளாக அது யாரையும் சுட்டதும் இல்லை. போர்க்கப்பல்களின் பீரங்கிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆழ்குழல்களைப் பொருத்தியிருந்தார்கள். புயல் சூடான கடல்நீரைத் தின்று வளர்வது. தீனி இல்லாத பக்கம் மாடு போகாது, புயலும் அப்படித்தான். பதினொரு கலங்கள் பிறை வடிவில் நின்று, வெயில் படாத ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே பரப்பும். அந்தக் குளிர்வரியைத் தொட்டதும் புயல் திணறும், திரும்பும், நடுக்கடலில் பட்டினி கிடந்து செத்து, வெறும் மழையாகக் கரைக்கு வரும். எதிர்க்கரை நாட்டுக்கும் இதே புயல்தானே? தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்; அந்தப் பதினொன்றில் நாலு கலங்கள் அவர்களுடையவை. அதன்பிறகு யார் யாரோடு சண்டை போடுவது? உலகத்திலேயே நீண்ட அமைதிக்காலம் கண்ட கடற்படை எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் பாடமே இருந்தது.

கரையோரம் மேட்டில் இருந்த புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கல்யாண மண்டபங்களாக்கினார்கள். கடல் மறைக்கிறது என்று சவுக்குத் தோப்புகளை வெட்டினார்கள். புயலுக்குப் பயந்து ஓடத் தெரிந்த மனிதன் ஒருவன்கூட அந்தக் கரையில் உயிரோடு இல்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வினையே அதுதான். முதன்முதல் புயலை எதிர்கொண்ட கலத்தின் தலைவர், இந்த வித்தை பலிக்குமா என்று தெரியாமல் கரையை நோக்கி உண்மையாகவே அலறியிருக்கிறார்: "மக்களே, எங்களால் ஆகாது. எங்களை நம்பாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்." அன்று பலித்துவிட்டது. அடுத்த முறை போனவர் மார்தட்டிவிட்டுப் போனார். குழல் அறுந்து, அவருடைய கலமே முழுகிப் போனது. நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? கண்பட்டுவிட்டது என்றார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு புயலுக்கும், முதல் தலைவர் சொன்ன அதே வார்த்தைகளைக் கரையொலிக் கோபுரங்களின் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லிவிட்டுத்தான் குழலை இறக்குவது என்றாயிற்று. அதற்குக் கண்ணேறுச் சொல் என்று பெயர். 'ஆகாது' என்று கேட்டதும் கரையில் பெண்கள் குலவையிடுவார்கள். ஆண்கள் "ஆகும்! ஆகும்!" என்று கத்துவார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதுபோல, வெற்றிக்கு ஒரு பொட்டு.

அந்த ஆண்டு சொல்லைச் சொல்ல வேண்டியவள் வேதநாயகி. 'பனிவாடை' என்ற கலத்தின் தலைவி, அதே ஆறுகாட்டுத்துறைக்காரி. பந்தலில் சமைத்துக்கொண்டிருந்த தியாகேசன் அவளுடைய புருஷன்.

நல்ல குரலில் சொன்னாள். கரையிலிருந்து குலவைச் சத்தம் ஒலிவாங்கி வழியாகக் கலத்துக்கே கேட்டது. உடனே கைத்திரையில் தியாகேசன் வந்தார். நெற்றியில் வேர்வை, தோளில் துண்டு, பின்னால் ஆவி.

"என்ன கேப்டன் அம்மா, இன்னிக்குச் சொல்லு கொஞ்சம் இழுவையா இருந்துச்சே? தொண்ட கட்டிக்கிச்சா?"

"ஒங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. என்ன கொழம்பு?"

"வாளமீன். ஒனக்கு எல போட்டாச்சு. மொத எல. சீக்கிரம் அந்தச் சனியன வெரட்டிட்டு வந்து ஒக்காரு, ஆறிடும்."

அதுவும் ஒரு வழக்கம். தலைவிக்கு முதல் இலை போட்டு, சோறு வைத்து, அவள் திரும்பி வரும்வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

"வர்றேன், வர்றேன்" என்று சிரித்தபடி திரையை அணைத்தாள். குழல்களை இறக்கச் சொன்னாள்.

முதல் நீர் பீறிட்டுக் கொட்டியதும் பொறியாளர் சூசைராஜ் வெப்பமானியைப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு ஓடிப்போய்க் குழல்வாயில் கையை நீட்டினான். அப்படியே நின்றான்.

"கேப்டன், இங்க வாங்க."

"என்ன, மறுபடி மானி பழுதா?"

"மானி புதுசு. நானே மாட்டுனது. கைய வச்சுப் பாருங்க."

அந்த ஆழத்து நீர் கையை மரத்துப்போக வைக்க வேண்டும். வேதநாயகி கையை நீட்டினாள். வெதுவெதுவென்று இருந்தது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. போன வருடமும் நீர் அவ்வளவு குளிரவில்லை. அதற்கு முந்தின வருடமும் இல்லை. ஒவ்வொரு முறையும் மானி பழுது என்று எழுதி மானியை மாற்றினார்கள். எழுபத்திரண்டு ஆண்டுகளாகக் குளிரை மேலே இறைத்து இறைத்து, மேலிருந்த சூட்டைக் கீழே அனுப்பியிருக்கிறார்கள். கிணறு இறைத்தால் வற்றும் என்று கைப்பிள்ளைக்கும் தெரியும். கடலும் அப்படி என்று இத்தனை பெரிய படையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவனும் விழா நாளில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று வாயை மூடிக்கொண்டிருப்பான். இப்போது குழல்கள் புயலுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தன.

மற்றக் கலங்களைக் கூப்பிட்டாள். "ஒங்க தண்ணி எப்படி?" என்றாள். "சூடாத்தான் காட்டுது, மானி பழுதா இருக்கும்" என்றார் ஒருவர். "எங்களுதுலயும் பழுதுதான், மத்த கலங்கள்ல குளுருதுல்ல, போதும்" என்றார் இன்னொருவர். பத்துக் கலங்களிலும் இதே பேச்சு. ஒவ்வொருவரும் அடுத்தவர் குழலில் குளிர் வருகிறது என்று நம்பி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையகத்தில் தளபதி திருமேனி பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம், வேதநாயகி. கரையில நாப்பதாயிரம் பேரு. நான் என்னத்தச் சொல்லி ஓட வைக்க?"

"ஓடச் சொல்லுங்க சார். புயல் வருதுன்னு சொல்லுங்க."

"அதத்தான் காலையில நீயே சொன்ன. ஓடுங்கன்னே சொன்ன. கொலவ போட்டாங்க. அதுக்கு மேல என்ன வார்த்த இருக்கு நம்மகிட்ட? எல்லாத்தையும் கண்ணேறுச் சொல்லுலயே செலவழிச்சுட்டமே!"

இருந்தும் அவர் முயன்றார். கோபுரங்களில் அவர் குரல் வந்தது. எங்களால் ஆகாது, ஓடுங்கள் என்றது. தளபதியே சொல்லைச் சொல்கிறார், இந்த ஆண்டு இரட்டைக் காப்பு என்று கரை குதூகலித்தது. வேதநாயகியும் மறுபடி சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஆத்தாடி, எவ்வளவு உருக்கமா சொல்றா பாரு, இதுக்கு எந்தக் கண்ணும் அண்டாது" என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். அதுவும் ஒலிவாங்கியில் கேட்டது.

வேதநாயகி கலத்தைத் திருப்பினாள். எழுபத்திரண்டு ஆண்டுகளில் குளிர்வரியை விட்டுக் கரைக்குத் திரும்பிய முதல் கலம் அதுதான். சூசைராஜ் குழல்களை அறுத்துவிட்டான். புயல் அந்திக்குள் கரையைத் தொடும். அதற்கு முன்னால் மணலைக் காலி செய்ய வேண்டும். அவள் மனதில் வேறெதுவும் இல்லை. இருந்தது, ஒன்று இருந்தது. அந்த மணலில்தான் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.

கலம் கரையோரம் வந்ததும் ஆரவாரம் வானைப் பிளந்தது. இவ்வளவு கிட்டத்தில் படைக்கலத்தை யார் பார்த்தார்கள்? அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். முகப்பில், கழற்றாமல் விட்ட ஒற்றைப் பீரங்கி இருந்தது. கடற்படை தொடங்கிய நாளில் ஆண்டுதோறும் மரியாதைக்காக வெறும் வேட்டுப் போடுவார்கள். மற்றபடி, யாரும் நீக்க மறந்துபோன ஒரு பழைய விதிப்படி, பூட்டிய பெட்டியில் நாலு உண்மைக் குண்டுகள் கிடந்தன. ஆண்டுக்கு ஒருமுறை துடைத்து வைப்பதோடு சரி.

வெறும் வேட்டுப் போட்டாள். கைதட்டினார்கள்.

உண்மைக் குண்டு ஒன்றைக் கரையோர நீரில் போட்டாள். தண்ணீர் பனைமர உயரம் எழுந்து விழுந்தது. பிள்ளைகள் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கூத்தாடின. அடப் பாவிகளா என்று சூசைராஜ் தலையில் அடித்துக்கொண்டான். காற்று அதற்குள் பாய்களைப் புரட்ட ஆரம்பித்திருந்தது. பாயின் மேல் கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

வேதநாயகி புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னடி இது, இந்த வருசம் பட்டாசெல்லாம் பலமா இருக்கு?"

"ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க. என்னால ஆகல. தண்ணி சுடுது. ஓடுங்க."

"சரி சரி, ஆகாது. ஓடுறோம். எல்லாரும் ஓடுறோம்" என்று சிரித்தார்.

இருபத்தோரு வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்கே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பிறகு, எந்தக் கடற்படைக்காரியும் வாயால் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"என் எலய எடுத்துருங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"என்ன சொன்ன?"

"எனக்குப் போட்ட எலய மடிச்சு எடுத்துருங்க. நான் வந்து சாப்பிடப் போறதில்ல."

போட்ட இலையை எடுக்கச் சொல்வது சாவுக்குச் சொல்வது. விளையாட்டுக்குக்கூட அதை எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். தியாகேசன் திரையை உற்றுப் பார்த்தார்.

"வேதா... நெசமாத்தான் சொல்றியா?"

"நெசம். நெசம். நெசம்."

அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தலில் இருந்த மைக்கைப் பிடுங்கி, "எல்லாம் எந்திரிங்க! ஓடுங்க! என் பொண்டாட்டி சொல்றா!" என்று கத்தினார். சனம் கொல்லென்று சிரித்தது. "மாஸ்டரு பந்தி போடாம தொரத்தப் பாக்குறாருடோய்" என்று யாரோ சொன்னான். அவர் திரும்பத் திரும்பக் கத்திப் பார்த்தார். மறுபடி திரைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"நம்ப மாட்டானுவ. வாயால சொல்லி ஆவாது. நீ தண்ணியில போட்டா வேடிக்க பாப்பானுவ. எதையாவது ஒடச்சுக் காட்டணும்."

"எத ஒடைக்க? எங்க பாத்தாலும் சனம்."

"பந்தல அடி."

"ஏங்க!"

"பந்தல அடி வேதா. சோத்துல கை வச்சாத்தான் நம்மாளு நம்புவான். நான் உள்ளாற உள்ளவங்கள வெளியேத்துறேன். சொன்னதும் அடி. யோசிக்காத."

பிறகு நடந்ததை அவள் தூரநோக்கியில் பார்த்தாள். பந்தலிலிருந்து பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், இலை நறுக்குகிறவர்கள் எல்லாரையும் கரண்டியை ஓங்கி ஓங்கித் துரத்தினார். சுற்றியிருந்த சனமும் என்னமோ சண்டை என்று விலகி நின்றது. கர்ப்பிணி ஒருத்தியைக் கையைப் பிடித்து வரப்புவரை கொண்டுபோய்விட்டார். அந்த மேட்டில் நின்றபடியே கூப்பிட்டார்.

"பந்தல்ல ஆளில்ல. அடி."

"நீங்க?"

"நான் வரப்புல நிக்கிறேன். அடிடி!"

அவள் தூரநோக்கியை வைத்துவிட்டுப் பீரங்கிக்கு வந்தாள். அலையில் கலம் ஆடிக்கொண்டிருந்தது. சூசைராஜ் குறி வைத்தான். குறியைச் சரிபார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள்தான் விசையை அழுத்தினாள். வேறு யாரையும் அழுத்தவிடவில்லை.

பந்தல் கூரையோடு எழும்பிச் சிதறியது. சோறும் குழம்பும் மணலும் சனத்தின் மேல் மழையாகக் கொட்டின. பிறகு எழுந்தது பாருங்கள் ஓர் ஓலம். எழுபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் கரை மறந்திருந்த ஓலம். நாற்பதாயிரம் பேரும் பாயையும் தூக்குவாளியையும் போட்டது போட்டபடி விட்டு, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, உப்பளம் தாண்டித் திருத்துறைப்பூண்டிச் சாலையைப் பார்த்து ஓடினார்கள். கடற்படை நம்மைச் சுடுகிறது, ஓடு ஓடு என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.

வேதநாயகி தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். புருஷனைக் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் கைத்திரையை எங்கே பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டாள். புயல் நேரத்தில் கலம் கரையோரம் நிற்கக்கூடாது, ஆழக்கடலுக்குக் கொண்டுபோனாள். அந்த ராத்திரி முழுக்க அலை கலத்தைப் பந்தாடியது. அவள் பயப்படவே இல்லை. மண்டபத்தில் ஒதுங்கியிருக்கும் சனத்துக்கு மனுஷன் எங்கேயாவது அரிசி தேடிப் பிடித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார் என்று சூசைராஜிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆறுகாட்டுத்துறை இருந்த இடத்தில் கடல் இருந்தது. மேட்டில் இருந்த கல்யாண மண்டபத்துக்குச் சேறும் தண்ணீருமாய் நடந்துபோனாள். வாசலில் அந்தக் கர்ப்பிணி நின்றாள். செம்பாயி என்று பெயர். தியாகேசனிடம் வேலை பார்ப்பவள், அவரை அண்ணன் என்று கூப்பிடுபவள். வேதநாயகியைக் கண்டதும் மாரில் அடித்துக்கொண்டு கீழே விழுந்தாள்.

"எல்லாரையும் வெளியேத்திட்டாங்க அண்ணி. ஆளில்லன்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டு எங்கூடத்தான் நின்னாங்க. அப்புறம் திரும்பிப் பாத்தாங்க. 'அடுப்பு எரியுதே செம்பாயி, சிலிண்டரு வெடிச்சா சுத்தி நிக்கிற சனம் சாவும்'னாங்க. 'எட்டு அடுப்புதான், மூடிட்டு வந்துடுறேன்'னு ஓடுனாங்க. நான் கத்துனேன் அண்ணி. காத்துல கேக்கல."

எந்தப் பந்தியிலும் கடைசி ஆளாக நின்று அடுப்பை அணைத்துவிட்டு வருகிற மனுஷன். எரிகிற அடுப்பை விட்டுவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் விசையை அழுத்தியிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மண்டபத்துக் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழுதன.

அந்தப் புயலில் மூன்று ஊர்கள் அழிந்தன. செத்தது ஒரே ஒருவர். அவரையும் புயல் கொல்லவில்லை.

அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பியது. விசாரணையில் கேட்டார்கள்: இத்தனை பெரிய புயல் என்கிறாய், ஒரு உயிர்கூடப் போகவில்லையே? போன உயிரும் உன் குண்டால்தானே போனது? நீ வரிசையை விட்டு வந்ததால் குளிர்வரியில் இடைவெளி விழுந்தது, புயல் அந்த வழியாக நுழைந்தது. மற்றப் பத்துக் கலத்துத் தலைவர்களும் தங்கள் மானிகள் பழுது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தளபதி திருமேனி அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சூசைராஜ் மட்டும் தண்ணீர் சுட்டது, தண்ணீர் சுட்டது என்று கத்திக்கொண்டிருந்தான். அவனைக் கரைப்பணிக்கு மாற்றினார்கள். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு ஏது? வேதாரண்யத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தாள்.

கடற்படை தன் அமைதிக்கால வரலாற்றைப் பெரிய புத்தகமாகக் கொண்டுவரும் ஏற்பாட்டில் இருந்தது. சொந்தக் கரையைச் சுட்டோம் என்று அதில் எப்படி எழுதுவது? உலகத்திலேயே நீண்ட அமைதி அறுந்துபோகுமே! யோசித்து யோசித்து, 'அன்று விழாவில் மரியாதை வேட்டு வைக்கப்பட்டபோது நேர்ந்த விபத்தில் சமையற்கலைஞர் ஒருவர் உயிர்நீத்தார்' என்று எழுதினார்கள். அமைதி அறுந்துபோகவில்லை. கையெழுத்துக் கேட்டு வந்த அதிகாரியின் முகத்தில் அவள் கதவைச் சாத்தினாள். கையெழுத்து இல்லாமலே புத்தகம் வந்தது.

அதைவிட மோசமான காரியத்தை ஊர் செய்தது. ஊர் அவளை ஏசவில்லை. நன்றி மறக்கிற சனம் இல்லை அது. தியாகேசனால்தான் பிழைத்தோம் என்று உணர்ந்திருந்தது. கடல் பின்வாங்கி மணல் தெரிந்ததும், பந்தல் இருந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, துண்டு சாத்தி, கரண்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்தது. பந்தல்சாமி என்று பெயர். அடிபட்டுச் செத்தவர்கள் சாமியாவது நம் ஊரில் புதிதா? செம்பாயி பூசை செய்தாள். பிறந்த பிள்ளைக்கும் தியாகு என்று அவர் பெயரையே வைத்தாள். அடுத்த ஆண்டு ஒரு புயல் வந்தது. புயல்களுக்கு உள்ள குணப்படி அது தானாகவே வடக்கே திரும்பி ஆளில்லாத சதுப்பில் விழுந்தது. குளிர்வரி பலித்தது என்றது கடற்படை. சாமி காத்தது என்றது ஊர். இரண்டு பேருக்கும் திருப்தி.

அதற்கடுத்த ஆண்டு ஒரு பெரும்புயல் புறப்பட்டது. கரைப்பணியிலிருந்த சூசைராஜ், வரிசைக்குப் போன கலங்களில் தெரிந்தவர்களை விசாரித்துவிட்டு வேதநாயகிக்குச் சொன்னான்: "தண்ணி முந்திய விட சூடு, கேப்டன். நேரா ஆறுகாட்டுத்துறைக்குத்தான் வருது."

அவள் ஓடினாள். பாய்கள் விரிந்துவிட்டன. முன்வரிசையில் இடமில்லை. புதுப் பந்தல். கரையோரம் ஒரு கலம் முகப்பில் பீரங்கியோடு நின்றது. கண்ணேறுச் சொல் முடிந்ததும் சாமிக்கு மரியாதை வேட்டு. புது வழக்கம். சனம் அதைக் கேட்டு வாங்கியிருந்தது.

"ஓடுங்க!" என்று கத்தினாள். "தண்ணி சுடுதாம்! ஓடுங்க!"

அவளுக்கு வழிவிட்டார்கள். எழுந்து நின்று கும்பிட்டார்கள். "சாமி பொஞ்சாதி வந்துட்டாங்க, ஒக்கார எடம் வுடுங்க" என்றார்கள். கல்லின் முன்னால் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்த செம்பாயியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"செம்பாயி, நீயாவது கேளுடி! புள்ளயத் தூக்கிட்டு ஓடு!"

செம்பாயி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "எதுக்கு அண்ணி பயப்படுறீங்க? அண்ணன் இருக்காங்க. நம்மள வுட்டுட்டு அவங்க எங்க போவாங்க?"

"செத்துட்டாருடி! நீ ஓடணும்னுதான்டி அந்த மனுசன் செத்தாரு!"

"அதான் அண்ணி" என்றாள் செம்பாயி அன்பாக. "நமக்காகச் செத்தவரு நம்மளக் காப்பாத்த மாட்டாரா?"

வேதநாயகி அந்தக் கல்லைப் பார்த்தாள். காலால் எட்டி உதைத்தாள். நாலு பேர் வந்து மெதுவாகப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கும் கோபமில்லை. பாவம், புருஷன் போன துக்கம் என்றார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். காற்று பாய்களைப் புரட்ட ஆரம்பித்தது. வார்த்தையும் தீர்ந்துவிட்டது, குண்டும் விழா வேட்டாகிவிட்டது. இந்தச் சனத்தை ஓட வைக்க இனி என்னதான் மிச்சம் என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பாயில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தான் தியாகு.

பிடித்திருந்த கைகளை உதறிக்கொண்டு பாய்ந்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேற்கே பார்த்து ஓடினாள்.

"ஐயையோ, எம்புள்ள! புள்ளயத் தூக்கிட்டு ஓடுறா!"

செம்பாயி தலைவிரி கோலமாகப் பின்னால் ஓடிவந்தாள். அவள் புருஷன் ஓடிவந்தான். கொழுந்தன்மார், சித்தப்பன்மார், பந்தலில் வேலை செய்தவர்கள், கையில் கிடைத்த கட்டையோடும் கரண்டியோடும் திரண்டு வந்தார்கள். "புடிங்கடா அவள! பைத்தியக்காரி! நில்லுடி!" வேதநாயகி உப்பளத்து வரப்பில் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அறுபது எழுபது பேர் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் கரை முழுக்க ஆயிரமாயிரம் பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மூச்சு இரைத்தது. பிள்ளை மாரில் அடித்து அழுதது. மண்டபம் இன்னும் தூரத்தில் இருந்தது, அதுவரை சிக்கக்கூடாது.

"வாங்க! இன்னும் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க!" என்று அழுதுகொண்டே கத்தினாள். "அம்மா அப்பனயெல்லாம் கூட்டிக்கிட்டு வாங்க! என்னயக் கொல்லுங்க, வாங்க!"

அப்போது கரையொலிக் கோபுரங்களில் புதுத் தலைவரின் குரல் எழுந்தது. மக்களே, எங்களால் ஆகாது, எங்களை நம்பாதீர்கள், ஓடுங்கள் என்றது. ஆகும் ஆகும் என்று கரை முழங்கியது. பீரங்கி வெடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும், துரத்தி வந்தவர்களில் பாதிப்பேர், பிள்ளையை அவன் அப்பனே பிடித்துக்கொள்வான், விழா தொடங்கிவிட்டதே என்று கடற்கரைக்குத் திரும்பிப் போனார்கள்.